நிலுவையில் நிற்கும் மூன்றாவது பில்: துவாக்குடி வாசகருக்குப் பதில்

கேள்வி: ஐயா, திருச்சி துவாக்குடியில் 14 பேர் வேலை செய்யும் ஃபேப்ரிகேஷன் பட்டறை நடத்துகிறேன். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தேன். பட்டறை என் பெயரில், தனி உரிமையாளர் முறையில் இருக்கிறது; 2021இல் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு செய்தேன். சென்ற ஆண்டு, ஒரு பெரிய அரசுக் கட்டடத் திட்டத்தை எடுத்திருக்கும் முதன்மை ஒப்பந்த நிறுவனம் எனக்குக் கூரை டிரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டகம்) செய்து ஏற்றிக் கொடுக்க ஒர்க் ஆர்டர் கொடுத்தது. இரும்பு என்னுடையது. முதல் இரண்டு ஆர்.ஏ. பில்லுக்கும் (வேலை நடக்கும்போதே, முடிந்த அளவுக்குக் கொடுக்கும் பில்) பணம் வந்துவிட்டது. மூன்றாவது பில்லைக் கொடுத்து ஏழு மாதம் ஆகிறது; 47 டன், கிலோ 98 ரூபாய். கேட்டால், “டிபார்ட்மென்ட்டிலிருந்து எங்களுக்கே பணம் வரவில்லை, உங்கள் ஆர்டர் பேக் டு பேக்” என்கிறார்கள். சைட் இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் சொல்லிச் செய்த கூடுதல் வேலை ஏழரை லட்சத்துக்கு இருக்கிறது. அதற்கு ஆர்டரே இல்லை. இன்னும் 20 டன் வேலை பாக்கி. ஜி.எஸ்.டி.யை ஓ.டி. (ஓவர்டிராஃப்ட்) கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினேன். இப்போது அதே நிறுவனம் வேறு மாவட்டத்தில் இதைவிடப் பெரிய வேலைக்கு அழைக்கிறது. வேலையை நிறுத்துவதா, வழக்குப் போடுவதா, புதிய ஆர்டரை எடுத்தால் பழைய பணம் வருமா? சிங்கப்பூரில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. மேலே இருப்பவர் கொடுத்தால்தான் கீழே இருப்பவருக்குக் கொடுப்பேன் என்ற “பேக் டு பேக்” நிபந்தனை சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டு இயற்றிய கட்டுமானத் தொகைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி செல்லாது. மலேசியாவும் 2012இல் இயற்றி 2014இல் நடைமுறைப்படுத்திய சட்டத்தில் அதையே செய்தது. இந்தியாவில் கட்டுமானத் துறை முழுமைக்குமான அப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் உங்களைப் போன்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும், ஏறக்குறைய அதே பலனைத் தரக்கூடிய ஒரு சட்டம் 2006 அக்டோபர் முதல் நடப்பில் இருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா, எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை நீங்கள் வைத்திருக்கும் காகிதங்கள்தான் தீர்மானிக்கும். உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். காகிதத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

ஒப்பந்த ஆலோசகனாவதற்கு முன் பதினோரு ஆண்டுகள் நான் ஒரு முதன்மை ஒப்பந்த நிறுவனத்தில் பில்லிங் பொறியாளராக இருந்தேன். அதாவது, இப்போது உங்களுக்குப் பதில் சொல்லும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். எங்கள் சைட் அலுவலகத்தில் மாதத்தின் கடைசி வாரத்தில் புராஜெக்ட் மேனேஜர் துணை ஒப்பந்தக்காரர்களின் பில் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, தலைமையகத்திலிருந்து வந்த தொகையை யார் யாருக்குப் பங்கிடுவது என்று பென்சிலால் குறிப்பார். ரெடிமிக்ஸ் கான்கிரீட் கொடுப்பவருக்கு முதலில். கொடுக்காவிட்டால் மறுநாள் வண்டி வராது. அடுத்து கிரேன் வாடகை. அடுத்து, எண்பது ஆட்களோடு வாசலில் வந்து உட்காரக்கூடிய சென்ட்ரிங் மேஸ்திரி. இரும்பை ஏற்றி முடித்துவிட்டு, பணிவாகப் போன் செய்து “சார், நம்ம பில்…” என்று இழுக்கும் ஃபேப்ரிகேட்டருக்கு எப்போதும் கடைசி இடம். அவர் பில்லின் மூலையில் “அடுத்த மாதம்” என்று எழுதியிருக்கும். அவரிடம் நாங்கள் சொன்ன காரணம், உங்களிடம் சொல்லப்படும் அதே காரணம்தான். சில மாதங்களில் அது உண்மை; பல மாதங்களில் இல்லை. உங்கள் நிறுவனம் அப்படித்தான் செய்கிறது என்று நான் சொல்ல முடியாது. ஆனால், டிபார்ட்மென்ட் பணம் தரவில்லை என்ற பேச்சைச் சரிபார்க்காமல் நம்பவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை என்று மட்டும் சொல்வேன்.

சரிபார்க்க வழி இருக்கிறது. அரசுத் துறை முதன்மை ஒப்பந்தக்காரருக்கு எந்தெந்தத் தேதியில் எத்தனையாவது பில்லுக்குப் பணம் வழங்கியது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒப்பந்த நகல், விலைப் பட்டியல், அளவுப் புத்தகத்தின் பக்கங்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால், மூன்றாம் நபரின் வணிகத் தகவல் என்று சொல்லி அந்த நிறுவனத்துக்கே நோட்டீஸ் போகும், பதிலும் தாமதமாகும். பணம் வழங்கிய தேதிகளை மட்டும் கேளுங்கள். இது பொதுப் பணம், இதை மறைக்கக் காரணம் சொல்வது கடினம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இன் 15ஆவது பிரிவு, பொருளையோ சேவையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்துவிட வேண்டும் என்கிறது. எழுத்தில் தவணை எதுவும் பேசவில்லை என்றால் 15 நாள்தான். இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 90 நாள் என்றோ, “மேலிருந்து பணம் வந்த பிறகு” என்றோ எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் அது நிற்காது என்று வாதிடலாம். ஏனென்றால், இதற்கு முரணாக வேறு எது இருந்தாலும் இந்தச் சட்டப் பிரிவுகளே மேலோங்கும் என்று 24ஆவது பிரிவு சொல்கிறது. தாமதத்துக்கு 16ஆவது பிரிவின்படி ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்தரக் கூட்டுவட்டி. 2023 பிப்ரவரி முதல் ஈராண்டுக் காலம் அந்த விகிதம் 6.75 விழுக்காடாக இருந்தது. மும்மடங்கு என்றால் 20.25. உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 47 டன்னுக்கு அடிப்படைத் தொகை 46.06 லட்சம், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 8.29 லட்சம். இதில் ரிடென்ஷன், அதாவது வேலையில் குறை வந்தால் ஈடுசெய்யவென்று பிடித்து வைக்கும் தொகை, 5 விழுக்காடும் வருமான வரிப் பிடித்தம் 1 விழுக்காடும் போனால் கையில் வர வேண்டியது ஏறத்தாழ 51.6 லட்சம். வங்கி விகிதத்தைக் கணக்குக்காக 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், ஆறு மாதத் தாமதத்துக்கு வட்டி மட்டும் 4.8 லட்சம் ஆகிறது. இந்த வட்டியை அந்த நிறுவனம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது.

இந்த 45 நாள் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதைத்தான் பெரும்பாலான சிறு நிறுவனங்கள் தவறாகப் புரிந்துகொள்கின்றன. பில் கொடுத்த நாளிலிருந்தோ, பில் பாஸான நாளிலிருந்தோ அல்ல. பொருள் சைட்டில் இறங்கிய நாள் அல்லது வேலை முடிந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் ஆட்சேபணை சொல்லவில்லை என்றால், இறங்கிய அந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகச் சட்டம் கருதிக்கொள்ளும். ஆட்சேபணை எழுதியிருந்தால், நீங்கள் அந்தக் குறையைச் சரிசெய்த நாள். ஆகவே லாரி சைட்டுக்குள் நுழைந்தபோது கேட்டில் வைத்த முத்திரையோடு இருக்கும் டெலிவரி சலான், ஈவே பில், எடைமேடைச் சீட்டு, டிரஸ் ஏற்றிய பிறகு கிரிட் லைன் (வரைபடத்தின் கட்டக் கோடு) எண்களோடு எழுதிய கூட்டு அளவீட்டுத் தாள் ஆகிய இவைதான் உங்கள் 51.6 லட்சம். பில் வெறும் கோரிக்கைதான்.

கூட்டு அளவீட்டுத் தாளில் யார் கையெழுத்து இருக்கிறது, தேதி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். நான் பார்த்த பல கோப்புகளில் பொறியாளர் ஒரு சுழிக் கையெழுத்து போட்டிருப்பார். பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. ஓராண்டில் அவர் வேறு சைட்டுக்கு மாறிப் போயிருப்பார், புதிதாக வந்தவர் “இது யாருடையது என்று எனக்குத் தெரியாது” என்பார். அப்படியிருந்தால் இப்போதே, வேலை இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே, மறு அளவீடு கேளுங்கள். டிரஸ் கூரைக்கு மேலே கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது. ஷீட் போட்டு, ஃபால்ஸ் சீலிங் அடித்து, கட்டடம் திறப்பு விழா கண்ட பிறகு அதை அளக்க யாரும் உங்களை உள்ளே விடமாட்டார்கள். எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை: உங்கள் ஆர்டரில் கிலோ என்று இருப்பது வரைபடத்தின்படி கணக்கிடும் எடையா, எடைமேடையில் ஏறிய எடையா என்று பாருங்கள். 47 டன்னில் இந்த வித்தியாசம் மட்டும் சில நூறு கிலோ போகும். மூன்றாவது பில்லை நிறுத்தி வைத்ததற்கு அவர்கள் பின்னால் காட்டப்போகும் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

இன்னும் இரண்டு இடங்களில் அவர்களே உங்களுக்குச் சாட்சி சொல்லியிருக்கக்கூடும். ஒன்று, வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவம். ஒப்பந்தப் பணிகளுக்கான வரியைப் பணம் கொடுக்கும்போது மட்டுமல்ல, உங்கள் பில்லைத் தங்கள் கணக்கில் வரவு வைக்கும்போதே பிடிக்க வேண்டும் என்பது விதி. பணமே வராத மூன்றாவது பில்லுக்கு 26ஏஎஸ்ஸில் ஒரு விழுக்காடு பிடித்தம் ஏறியிருந்தால், அந்த நிறுவனம் பில்லைச் சரிபார்த்து, ஏற்று, கணக்கில் எழுதிவிட்டது என்று பொருள். பிறகு “இன்னும் செர்டிஃபை ஆகவில்லை” என்று அது வாதிடுவது கடினம். மற்றொன்று ஜி.எஸ்.டி. நீங்கள் கட்டிய வரிக்கு அவர்கள் உள்ளீட்டு வரி வரவு எடுத்திருப்பார்கள். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தராவிட்டால் அந்த வரவை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். உங்கள் ஏழு மாதத்தில் அந்தக் கெடு முடிந்துவிட்டது. இதை அவர்களுடைய அக்கவுன்ட்ஸ் துறைக்குக் கடிதமாக எழுதுங்கள், சைட்டுக்கு அல்ல. சைட்டில் இருப்பவருக்கு உங்கள் பணம் ஒரு தொல்லை. அக்கவுன்ட்ஸில் இருப்பவருக்கு அது ஒரு தணிக்கைக் குறிப்பு. ஆனால் கத்தி இரு பக்கமும் கூர்மையானது: நீங்கள் இரும்புக் கடைக்காரருக்கு 180 நாளாகப் பாக்கி வைத்திருந்தால், அதே விதி உங்கள் மீதும் பாயும். அந்தக் கணக்கையும் உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கவுன்ட்ஸுக்கு எழுதும் அதே கடிதத்தில் வேறு இரண்டு செய்திகளையும் சேர்க்கலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்த தொகையை, உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியில் கொண்டுவந்த விதி ஒன்று; ஊர் வழக்கில் அதை 43பி(எச்) என்பார்கள். 45 நாளைத் தாண்டிய பாக்கிகளைக் கம்பெனிகள் ஆண்டுக்கு இருமுறை கம்பெனிப் பதிவாளருக்குத் தனிப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது மற்றது. இந்த இரண்டுக்கும் அவர்கள் பயப்படுவார்கள் என்று நான் உறுதி சொல்லவில்லை. ஆனால், மார்ச் நெருங்கும்போது உங்கள் உத்யம் எண்ணோடு வந்த கடிதத்தை அவர்களுடைய தணிக்கையாளர் பார்த்தால், பென்சில் குறிப்பில் உங்கள் பெயர் சற்று மேலே ஏறும். கூடவே, கணக்கு நிலுவையை உறுதிசெய்து ஒரு கடிதமும் கேளுங்கள். அதில் அவர்கள் கையெழுத்திட்டால், மூன்று ஆண்டு காலவரம்பு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடும்.

இதற்கெல்லாம் அசையவில்லை என்றால், நிலுவைத் தகராறுகளை விசாரிக்க அதே 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த வசதியாக்க மன்றம். நம் ஆட்கள் ஃபெசிலிடேஷன் கவுன்சில் என்று சொல்லும் இது தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், மதுரை, திருச்சி ஆகிய நான்கு இடங்களில் இருக்கிறது. உங்களுக்குத் திருச்சியிலேயே. அந்த நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், ஒர்க் ஆர்டரில் “தகராறு வந்தால் மும்பையில் நடுவர் தீர்ப்பு” என்று அச்சிட்டிருந்தாலும், பொருள் கொடுத்தவர் இருக்கும் இடத்து மன்றமே விசாரிக்கலாம் என்று 18ஆவது பிரிவு சொல்கிறது. தனி ஒப்பந்தத்தில் உள்ள நடுவர் பிரிவைவிட இந்தச் சட்டமே மேலானது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அதே தீர்ப்பு, ஒப்பந்தத்துக்குப் பிறகு பதிவு செய்துகொண்டவர் பழைய வேலைக்கு இந்தப் பலனைக் கேட்க முடியாது என்றும் சொன்னது. உங்கள் உத்யம் பதிவு 2021, ஆர்டர் சென்ற ஆண்டு. அந்தக் கண்டத்திலிருந்து தப்பிவிட்டீர்கள். முதலில் சமரசம், அது முறிந்தால் நடுவர் விசாரணை. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. முடியாது, ஓராண்டுக்கு மேலும் போகலாம் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தீர்ப்பு வந்துவிட்டால் அதை எதிர்த்து நீதிமன்றம் போக அவர்கள் 75 விழுக்காடு தொகையை முன்னதாகக் கட்ட வேண்டும். பெரிய நிறுவனங்கள் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருவதற்கு இந்த 75 விழுக்காடு ஒரு முக்கியமான காரணம்.

உங்கள் வழக்கில் ஒரு பலவீனம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். பொருளும் உழைப்பும் பிரிக்க முடியாமல் கலந்த ஒர்க்ஸ் கான்ட்ராக்ட், பொருள் வழங்கலும் அல்ல, சேவையும் அல்ல, ஆகவே இந்தச் சட்டத்துக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சில வழக்குகளில் தீர்ப்பளித்திருக்கிறது. வேறு சில இடங்களில், அது ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்டா இல்லையா என்பதை நடுவரே சாட்சியங்களைப் பார்த்து முடிவுசெய்யட்டும் என்று விட்டிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே இதைத்தான் எழுப்புவார். சென்ட்ரிங் வேலையோ மண் வேலையோ செய்பவரைவிட உங்கள் நிலை நல்லது. இரும்பை வாங்கி, உங்கள் பட்டறையில் வெட்டி, துளையிட்டு, பற்றவைத்து, பெயின்ட் அடித்து, முழு டிரஸாக லாரியில் ஏற்றி அனுப்புகிறீர்கள், அது உற்பத்தி. ஏற்றி நிறுத்துவது அதற்குப் பிந்தைய தனி வேலை. உங்கள் ஆர்டரின் விலைப் பட்டியலில் “செய்து வழங்குதல்”, “ஏற்றி நிறுத்துதல்” என்று இரண்டு வரி இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே வரியாக 98 ரூபாய் என்று இருந்தால் வாதம் சற்று இளைக்கும், அவ்வளவுதான். மனுவை எழுதும்போது “சப் கான்ட்ராக்ட்”, “ஒர்க்ஸ்” என்ற சொற்களை நீங்களாகவே தாராளமாகத் தூவி எதிராளிக்கு வேலையைச் சுலபமாக்காதீர்கள்.

திவால் சட்டத்தின் கீழ் நோட்டீஸ் அனுப்பு, நடுங்கிப்போய்க் கொடுப்பார்கள் என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். 2020 மார்ச் முதல் அதற்குக் குறைந்தபட்ச நிலுவை ஒரு கோடி ரூபாய்; உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. அரசுத் துறையின் மீது வழக்குப் போடும் யோசனையையும் விட்டுவிடுங்கள். உங்களுக்கும் துறைக்கும் இடையே ஒப்பந்தமே இல்லை. துணை ஒப்பந்தம் கொடுக்கத் துறையிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பது இத்தகைய டெண்டர்களில் வழக்கமான நிபந்தனை. உங்கள் பெயருக்கு அந்த அனுமதியை அவர்கள் வாங்கினார்களா என்பதே தெரியாதபோது, செயற்பொறியாளருக்குப் புகார் எழுதினால், முதலில் நீங்கள் சைட்டில் இருப்பதே முறையா என்ற கேள்விதான் எழும். அனுமதி வாங்கியிருந்தால் மட்டும், கடைசிக் கட்டத்தில், குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் தகவலாக ஒரு நகல் அனுப்பலாம்.

வாட்ஸ்அப் வேலைக்கு வருகிறேன். ஏழரை லட்சத்துக்கு ஆர்டர் இல்லாமல் வேலை செய்தது தவறு என்று உங்களுக்கே தெரியும்; செய்யாமல் இருந்திருந்தால் கிரேன் நின்றுகொண்டே இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கைபேசியை மாற்றாதீர்கள், விற்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின்படி மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது ஒரு சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். வெறும் ஸ்கிரீன்ஷாட் போதாது. அதைவிட முக்கியம், இந்த வாரமே புராஜெக்ட் மேனேஜருக்கு ஒரு மின்னஞ்சல்: இன்ன தேதியில் இன்ன பொறியாளர் கேட்டபடி, இன்ன கிரிட்டில், இத்தனை கிலோ பிரேசிங் கூடுதலாகச் செய்து ஏற்றப்பட்டது, புகைப்படங்கள் இணைப்பில், ஆர்டர் திருத்தம் வேண்டும். குரலை உயர்த்தாமல் எழுதுங்கள். அவர்கள் மறுத்துப் பதில் எழுதினால் தகராறு எது என்று தெரிந்துவிடும். பதிலே எழுதவில்லை என்றால் அந்த மௌனம் உங்களுக்கு உதவும். இந்தத் தொகையையும் மூன்றாவது பில்லையும் ஒரே கோரிக்கையாகக் கட்டிவிடாதீர்கள். ஏழரை லட்சத்தைப் பற்றிய சச்சரவைச் சாக்காக வைத்து 51.6 லட்சத்தையும் நிறுத்திவிடுவார்கள்.

வேலையை நிறுத்துவதா என்று கேட்டீர்கள். திடீரென்று நிறுத்தாதீர்கள். தாமத அபராதம், வேறு ஆளை வைத்து முடித்த செலவு என்று டெபிட் நோட் அடித்து, கடன்காரனாக உங்களையே நிறுத்திவிடுவார்கள். அதற்காக இன்னொரு 20 டன் இரும்பை வட்டிக் கடனில் வாங்கிப் போடவும் வேண்டாம். நடுவே ஒரு வழி இருக்கிறது: மீதி வேலைக்கு இரும்பை நீங்களே சப்ளை செய்யுங்கள், நான் செய்கூலிக்குச் செய்து தருகிறேன் என்று எழுதுங்கள். உங்கள் 98 ரூபாயில் பெரும்பங்கு இரும்பின் விலைதான். அது அவர்கள் தலையில் போய்விட்டால் உங்கள் பணம் மேலும் மாட்டாது, வேலையும் நிற்காது. அவர்கள் இரும்பு தராமல் தாமதித்தால் தாமதம் அவர்களுடையது. கழிவுக்கு எத்தனை விழுக்காடு என்பதை மட்டும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். வெட்டுத் துண்டுகளை எடைபோட்டுத் திருப்பிக் கொடுக்கும்போதெல்லாம் சீட்டு வாங்குங்கள். கழிவுக் கணக்கு இடிக்கும்போது முழு விலைக்கு மேல் பிடிப்பார்கள்.

புதிய ஆர்டரைப் பொறுத்தவரை என் கருத்து, இப்போது வேண்டாம் என்பதே. பழைய பணத்தை மீட்கப் புதிய வேலை எடுத்தவர்களைப் பதினோரு ஆண்டு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். புதிய வேலையின் முதல் பில்லைச் சீக்கிரம் பாஸ் செய்வோம், அவர் பழைய பாக்கியைப் பற்றிப் பேசுவதை நிறுத்துவார். நான்காவது மாதத்தில் இரண்டு சைட்டிலும் பாக்கி நிற்கும். ஆனாலும் அவர்கள் உங்களை அழைக்கிறார்கள் என்பது, உங்கள் வேலைத்தரம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது என்பதற்கு அடையாளம். இந்த நேரத்தைவிட்டால் பேரம் பேச உங்களுக்கு வேறு நேரம் வாய்க்காது. மூன்றாவது பில் வங்கியில் ஏறிய பிறகு பேசலாம் என்று சொல்லுங்கள். பேசும்போது, பணம் தரும் தவணை அவர்களுக்குத் துறை கொடுக்கும் நாளோடு கோக்கப்படாமல், அளவீட்டுத் தேதியிலிருந்து 45 நாள் என்று இருக்க வேண்டும். வழங்கலும் ஏற்றுதலும் தனித்தனி ஆர்டராக இருக்க வேண்டும்; இரண்டுக்கும் வரி 18 விழுக்காடுதான், இழப்பு இல்லை. ரிடென்ஷனை உங்கள் வேலை முடிந்த நாளை வைத்துத் திருப்பித் தர வேண்டும். “திட்டத்தின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடிந்த பின்” என்று எழுதிவிட்டால், மின்தூக்கி போட்டவர் தாமதித்ததற்காக உங்கள் பணம் ஆண்டுக்கணக்கில் தூங்கும்.

கூடவே டிரெட்ஸ் என்ற மின்னணு மேடையில் உங்கள் பில்லை ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்று கேளுங்கள். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. சேர்வது கட்டாயம், உங்கள் பில்லை அங்கே ஒப்புக்கொள்வது அவர்கள் விருப்பம். ஒப்புக்கொண்டால் வங்கி சில நாளிலேயே தள்ளுபடி போக உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, கெடு நாளில் அவர்களிடம் வசூலித்துக்கொள்ளும். அவர்கள் கட்டத் தவறினாலும் உங்களிடம் திரும்பி வராது. இந்த ஒரு நிபந்தனைக்கு அவர்கள் சம்மதித்தால் மட்டும், புதிய ஆர்டரைப் பற்றிய என் கருத்தை நான் மாற்றிக்கொள்வேன்.

இடையில் அவர்களே சமாதானத்துக்கு வந்தால் வட்டியை விட்டுக்கொடுங்கள், அசலை விடாதீர்கள். பதினைந்து நாளில் முழு அசலும் வருமானால் 4.8 லட்சத்தை விடுவது ஓராண்டு மன்றத்துக்கு அலைவதைவிட லாபம். பின்தேதியிட்ட காசோலை கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். திரும்பினால், வங்கி தெரிவித்ததிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப மறக்கக் கூடாது. பணத்தோடு சேர்த்து, “எங்களுக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று அச்சிட்ட ஒரு கடிதத்தை உங்கள் லெட்டர்ஹெட்டில் கேட்பார்கள். சைட்டில் அது ஏதோ சம்பிரதாயம் போலத்தான் நீட்டப்படும். அதில் கையெழுத்திடும் முன், “மூன்றாவது ஆர்.ஏ. பில்லைப் பொறுத்த மட்டில், கூடுதல் வேலையும் ரிடென்ஷனும் நீங்கலாக” என்று உங்கள் கையால் எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்திடுங்கள், ஒரு படி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எழுத அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். மறுநாள் காலையில் எனக்கு எழுதுங்கள்.